சூளையில் விளையும் நிறம்

நகரத்துப் பீங்கான் ஸ்டூடியோக்களில் வண்ணக் குப்பிகள் இருக்கும் அலமாரிக்கு மேலே, சுட்டுப் பளபளக்கும் சின்னஞ்சிறு ஓட்டுத் துண்டுகளை வரிசையாக ஒட்டி வைத்திருப்பார்கள். வருகிறவர்கள் ஒரு வெள்ளைக் கோப்பையையோ தட்டையோ எடுத்து, வண்ணம் தீட்டி, அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். சில நாள் கழித்துச் சுட்டு முடித்த பாத்திரத்தை வந்து வாங்கிக்கொள்வார்கள். எந்த வண்ணம் வேண்டும் என்று முடிவுசெய்யக் குப்பிக்குள் எட்டிப் பார்க்காதீர்கள், மேலே உள்ள துண்டைப் பாருங்கள் என்பதுதான் அங்கே சொல்லித்தரும் முதல் பாடம். குப்பியில் வெளிறித் தெரியும் நீலம் துண்டில் ஆழ்ந்த கருநீலமாக இருக்கும். காகிதத்திலும் துணியிலும் சுவரிலும் நாம் நிறத்தையே பூசுகிறோம். மண்பாத்திரத்தின் மேல் பூசுவது சில உலோகங்கள் கலந்த ஒரு பொடியை. அது என்ன நிறமாக வேண்டும் என்பதை வெப்பமும், சூளைக்குள் இருக்கும் காற்றும், மேலே உருகிப் படியும் கண்ணாடியும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. இன்றைய ஸ்டூடியோவில் நிறம் ஏறக்குறையச் சொன்னபடி வருகிறதே என்று கேட்கலாம். வருகிறதுதான். சூளை எடுக்க வேண்டிய முடிவுகளில் பெரும்பாலானவற்றை வேதியியலாளர்கள் தொழிற்சாலையில் வேறொரு சூளையிலேயே எடுத்து முடித்து, பொடியாக்கிக் குப்பியில் அடைத்து அனுப்பியிருக்கிறார்கள். எனவே கோப்பையின் முன் தூரிகையோடு அமர்பவர் ஓவியம் வரைவதாக நினைத்தாலும், உண்மையில் ஒரு வேதிவினைக்கான கலவையைப் பரப்பி வைக்கிறார். இதை நிறுவ, நிறத்துக்கு முன்னால் அந்த வெள்ளைக் கோப்பையிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தக் கோப்பை ஏற்கெனவே ஒருமுறை சுடப்பட்டது. தொழிலில் அதற்கு பிஸ்க் என்று பெயர். ஸ்டூடியோக்களில் புழங்கும் வெண்மண் பிஸ்க் சுமார் 1060 டிகிரி செல்சியஸில் சுட்டது. களிமண்ணின் முக்கியக் கனிமமான கேயோலினைட்டில், எடையில் ஏறத்தாழ 14 சதவீதம் நீர் வேதிப்பிணைப்பாகப் படிகத்துக்குள்ளேயே இருக்கிறது. வெயிலில் எத்தனை நாள் காயவைத்தாலும் அது போகாது. 450 முதல் 600 டிகிரிக்குள் சூடேறும்போதுதான் பிணைப்பு அறுந்து அந்த நீர் ஆவியாக வெளியேறுகிறது. அதன்பிறகு அந்த மண்ணைத் தண்ணீரில் எத்தனை காலம் ஊறப்போட்டாலும் மீண்டும் குழைவதில்லை. இன்னும் சூடேறும்போது துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் இடைவெளிகள் மூடிவிடுவதில்லை. ஒட்டும் அளவுக்குச் சுட வேண்டும், மூடும் அளவுக்குச் சுடக்கூடாது. அந்தக் கணக்கில்தான் பிஸ்க்கின் பயனே இருக்கிறது. நுண்துளைகள் தூரிகையிலிருந்து தண்ணீரை நுண்புழை விசையால் உறிஞ்சிக்கொள்ள, வண்ணத்துகள்கள் மட்டும் மேற்பரப்பில் தங்குகின்றன. புதிதாக வருபவர் நீண்ட கோடு ஒன்றை இழுக்கப் பார்த்தால் பாதியிலேயே தூரிகை வறண்டு இழுபடுவதற்கு இதுதான் காரணம். கை பழகாததால் வரும் கோளாறென்று அவர் வருந்த வேண்டியதில்லை. கையில் தடவிய கிரீம் பட்ட இடத்தில் துளைகள் எண்ணெயால் அடைபட்டு வண்ணம் பிடிக்காமல் விலகும். பென்சிலால் போட்ட மாதிரிக்கோடுகளைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். பென்சில் எழுத்து கிராஃபைட், அதாவது கரி. சூளையின் சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து காற்றாகிப் போய்விடும். இந்த மேடையில் எது தங்கும், எது போகும் என்பதை முதல் கோட்டிலிருந்தே சூட்டை வைத்துத்தான் கணக்கிட வேண்டியிருக்கிறது.

வண்ணம் காய்ந்ததும் ஸ்டூடியோக்காரர் பாத்திரத்தைக் கிளேஸ் எனப்படும் குழம்பில் முக்கி எடுக்கிறார். பல இடங்களில் இந்தக் குழம்புக்கு வேண்டுமென்றே ஊதாவோ பச்சையோ கலந்து வைத்திருப்பார்கள். எங்கே பட்டது, எங்கே விட்டுப்போனது என்று கண்ணுக்குத் தெரிவதற்காக. பார்த்துப் பார்த்துத் தீட்டிய பூவும் பெயரும் அந்தக் குழம்புக்குள் மறைந்தே போய்விடும். அந்தச் சாயம் கரிமச் சேர்மம் என்பதால் எரிந்துபோக, மீதமிருக்கும் பொடி ஏறக்குறைய 1000 டிகிரியில் உருகித் தெளிந்த கண்ணாடியாகப் படிகிறது. கண்ணாடியின் அடிப்படைப் பொருள் மணலில் உள்ள சிலிக்கா. தூய சிலிக்கா உருக 1700 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் கோப்பையே உருக்குலைந்துவிடும். ஆகவே சிலிக்காவின் பின்னலை அங்கங்கே அறுத்து உருகுநிலையை இறக்கும் பொருள்கள் தேவைப்படுகின்றன: சோடா, பொட்டாசியம், சுண்ணாம்பு, போரான், ஈயம். உருகியது ஆறும்போது அணுக்கள் படிகமாக அடுக்கிக்கொள்ள அவகாசம் இல்லாமல், ஒழுங்கற்ற நிலையிலேயே உறைகின்றன. சர்க்கரைப் பாகைப் பொறுமையாக விட்டால் கற்கண்டாக விளையும், சட்டென்று ஆறவிட்டால் ஒளி ஊடுருவும் பாகுமிட்டாயாக இறுகும்; கிளேஸ் அந்த இரண்டாம் வகை. அதன் ஒழுங்கற்ற பின்னலுக்குள் உலோக அணுக்கள் எப்படி இடம்பிடிக்கின்றன என்பதில்தான் நிறத்தின் கதை முழுவதும் இருக்கிறது.

ஈயத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஈயம் மலிவாக உருக்கும், பளபளப்பைக் கூட்டும், நிறங்களை எடுத்துக்காட்டும். அதனாலேயே பல நூற்றாண்டுகள் குயவர்கள் அதை விடவில்லை. தொழிலாளரின் உடலையும் சாப்பிடுபவரின் உடலையும் அது கெடுத்தது. சரியாகச் சுடாத ஈயக் கிளேஸிலிருந்து புளி, எலுமிச்சை, தயிர் போன்ற அமிலப் பண்டங்கள் ஈயத்தைக் கரைத்தெடுக்கும். பாத்திரத்தில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை நிரப்பி, அறை வெப்பத்தில் 24 மணி நேரம் வைத்து, எவ்வளவு ஈயமும் காட்மியமும் கரைந்தன என்று அளப்பதுதான் உலகெங்கும் நடைமுறையில் உள்ள சோதனை. இன்றைய ஸ்டூடியோக் கிளேஸ்களில் ஈயத்தின் வேலையைப் பெரும்பாலும் போரான் செய்கிறது. போரான் சேர்மங்கள் பலவும் தண்ணீரில் கரைவதால், அவற்றைச் சிலிக்காவோடு முதலிலேயே உருக்கி, தண்ணீரில் ஊற்றி நொறுக்கி, அரைத்துச் சேர்க்கிறார்கள். இதற்கு ஃப்ரிட் என்று பெயர். ஸ்டூடியோ சூளைக்குப் போகும் முன்பே கிளேஸின் ஒரு பகுதி வேறெங்கோ சூளை கண்டு வந்துவிட்டது என்பதைக் கவனிக்கவும். வண்ணத்திலும் இதே உத்தியைப் பின்னால் பார்ப்போம்.

நிறம் உலோகத்துக்குச் சொந்தமானதில்லை, உலோக அணுவின் அண்டை அயலுக்குச் சொந்தமானது என்பதைக் காட்ட கோபால்ட்டை விடச் சிறந்த சாட்சி கிடையாது. கோபால்ட் ஆக்சைடு கறுப்புப் பொடி. கோபால்ட் கார்பனேட் வெளிர் ஊதா கலந்த இளஞ்சிவப்பு. இரண்டில் எதைத் தீட்டிக் கிளேஸுக்கு அடியில் சுட்டாலும் கிடைப்பது ஒரே நீலம். கண்ணாடிக்குள் கரையும்போது கோபால்ட் அயனியைப் பெரும்பாலும் நான்கு ஆக்சிஜன் அணுக்கள் நான்முகி வடிவில் சூழ்ந்துகொள்கின்றன. அந்தச் சூழலில் அதன் எலக்ட்ரான்கள் மஞ்சள், ஆரஞ்சுப் பகுதி ஒளியை மிக வலுவாக விழுங்க, மிஞ்சித் திரும்புவது நீலம். அண்டை அணுக்கள் நான்கிலிருந்து ஆறானால் நிறமே மாறிவிடும். ஆய்வகங்களில் ஈரம் உறிஞ்சப் பயன்படும் நீலச் சிலிக்கா ஜெல் மணிகள் ஈரம் பட்டதும் இளஞ்சிவப்பாவது இதனால்தான்: நீர் மூலக்கூறுகள் ஆறு வந்து கோபால்ட்டைச் சூழ்ந்துகொள்கின்றன. கண்ணாடிக்குள் நீர் புக முடியாது. ஆகவே சூளை கொடுத்த நீலம் நிலைத்துவிடுகிறது. ஒரு சதவீதத்துக்கும் குறைவான கோபால்ட்டே ஆழ்ந்த நீலத்துக்குப் போதும். சீனத்து ஜிங்டெஜென் ஓவியர்கள் 14ஆம் நூற்றாண்டில் பாரசீகத்திலிருந்து வந்த கோபால்ட் தாதுவை அரைத்துத் தீட்டியபோது அவர்கள் கண்முன் இருந்தது மங்கிய கருஞ்சாம்பல் நிறம்தான். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் டேவிட் ஜாடிகள் இரண்டிலும் 1351ஆம் ஆண்டுக்குரிய தேதி பொறித்திருக்கிறது. அவற்றின் டிராகன்களும் மேகங்களும் நீலமாக வரையப்பட்டவை அல்ல, நீலமாகச் சுடப்பட்டவை. ஜெய்ப்பூரின் நீலப் பாண்டங்களிலும் அதே கதை. படிகக்கல் பொடியும் கண்ணாடிப் பொடியும் முல்தானி மிட்டியும் சேர்ந்த அந்த உடலின் மேல் கைவினைஞர் தீட்டும்போது கோபால்ட் கருமையாகவே தெரிகிறது. பல தலைமுறை ஓவியர்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு நிறத்தை மனதில் வைத்தே வரைந்திருக்கிறார்கள். அந்தப் பயிற்சியை நான் மிகப் பெரிய அறிவுச் சாதனையாக மதிக்கிறேன்.

செம்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. சோடாவும் பொட்டாசியமும் மிகுந்த கிளேஸில் செம்பு மயில்கழுத்துப் பச்சைநீலம் தரும். பழைய எகிப்திலும் பாரசீகத்திலும் இன்றைய ஜெய்ப்பூரிலும் காணும் நிறம் அது. அதே செம்பை ஈயக் கிளேஸில் போட்டால் இலைப்பச்சை. சூளையில் காற்றைக் குறைத்துப் புகையவிட்டு, அதே செம்பை மிகச் சிறிய அளவில் சேர்த்தால் ரத்தச் சிவப்பு. புகை நிறைந்த சூளையில் எரிபொருளுக்கு வேண்டிய ஆக்சிஜன் காற்றிலிருந்து கிடைக்காமல், கிளேஸில் உள்ள செம்பிடமிருந்தே பிடுங்கப்படுகிறது. ஆக்சிஜனை இழந்த செம்பு உலோகமாகத் திரும்பி, நுண்நோக்கிக்கும் எளிதில் சிக்காத சிறு துகள்களாகக் கண்ணாடிக்குள் சிதறிக் கிடக்கிறது. அந்தத் துகள்களின் அளவும் அடர்த்தியும்தான் சிவப்பு. சற்று முன்னதாகவோ பின்னதாகவோ காற்றை விட்டால் சிவப்பு கல்லீரல் நிறமாகும், அல்லது நிறமே இல்லாமல் போகும். மிங் வம்சத்து சுவாண்டே பேரரசரின் காலத்தில், 1426 முதல் 1435 வரை, உச்சத்தில் இருந்த இந்தச் செம்புச் சிவப்பு பின்னர் கைவிட்டுப் போய், காங்ஷி பேரரசரின் காலத்தில்தான் மீண்டும் வசப்பட்டது. செம்பு கிடைக்காமலா அத்தனை காலம் போயிற்று? செம்பு இருந்தது, கிளேஸ் இருந்தது, ஓவியர்களும் இருந்தார்கள். தவறியது சூளையின் காற்றைக் கட்டும் வித்தை.

இரும்பின் கதைக்கு வந்தால் வாதம் முழுமையாகிவிடும். ஏதென்ஸ் நகரக் குயவர்கள் கி.மு. 6, 5ஆம் நூற்றாண்டுகளில் செய்த ஜாடிகளில் இரண்டே முக்கிய நிறங்கள்: செம்மண் சிவப்பும் பளபளக்கும் கருமையும். கி.மு. 530ஐ ஒட்டி, உருவங்களைக் கறுப்பில் வரைவதை விட்டு, பின்புலத்தைக் கறுப்பாக்கி உருவங்களைச் சிவப்பாக விடும் முறை வந்தது. பார்ப்பவர் எவரும் அந்தக் கறுப்பைத் தனி வண்ணமென்றே நினைப்பார்கள். அப்படி ஒரு வண்ணம் அந்தப் பட்டறைகளில் இருக்கவே இல்லை. ஜாடியை வனைந்த மண்ணோடு ஒத்த மண்ணையே தண்ணீரில் கலக்கி, கனத்த துகள்கள் அடியில் படியவிட்டு, மேலே மிதக்கும் மிக நுண்ணிய பகுதியை வடித்து, அந்தக் குழம்பால் வரைந்தார்கள். மண் மீது மண். வரையும்போது இரண்டுக்கும் நிற வேறுபாடு சொற்பம். சூளையில் மூன்று கட்டங்கள். முதலில் காற்று தாராளமாக வர, ஜாடி முழுக்கச் சிவப்பு. அடுத்து பச்சை விறகைப் போட்டுக் காற்றை அடைத்துச் சூட்டை இன்னும் ஏற்ற, ஜாடி முழுக்கக் கறுப்பு. இரும்பு ஆக்சிஜனை இழந்து மேக்னடைட் போன்ற கருங்கனிமங்களாகிவிட்டது. இந்தக் கட்டத்தில் நுண்துகள் குழம்பு பூசிய இடம் மட்டும் உருகி இறுகிக் கண்ணாடித்தோலாகிறது. மூன்றாவதாக மீண்டும் காற்றை விடும்போது, துளைகள் நிறைந்த ஜாடியின் உடலுக்குள் ஆக்சிஜன் புகுந்து அதைச் சிவப்பாக்குகிறது. இறுகிய தோலுக்குள் புக முடியாததால் வரைந்த இடம் கறுப்பாகவே நின்றுவிடுகிறது. இந்த ரகசியம் பிற்காலத்தவர் கைக்குச் சிக்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. தியோடர் ஷூமன் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1942இல் இதை விளக்கிச் செய்தும் காட்டினார். ஒரே மண், ஒரே இரும்பு, இரண்டு நிறங்கள். வேறுபாடெல்லாம் துகளின் நுண்மையிலும் காற்றின் வரத்திலும்தான். தூரிகை அங்கே நிறத்தைத் தொடவே இல்லை, எங்கே ஆக்சிஜன் நுழையலாம், எங்கே நுழையக்கூடாது என்று எல்லை வகுத்தது.

இந்த அறிவு கிரேக்கர்களுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் அரிக்கமேட்டிலும் கிடைக்கும் கருப்பு சிவப்புப் பானை ஓடுகளை உடைந்த விளிம்பில் பார்த்தால், உள்பக்கமும் வாய்ப்பகுதியும் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. பானையைக் கவிழ்த்து அடுக்கிச் சுட்டதால் உள்ளே காற்று புகாமல் கரி படிந்து இரும்பு ஒடுங்கியது, வெளியே காற்று பட்டுச் சிவந்தது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். சாயமே இல்லாமல், பானையை வைக்கும் விதத்தாலேயே இரு நிறம் கொண்டுவந்திருக்கிறார்கள் நம் குயவர்கள். மார்ட்டிமர் வீலர் 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டியபோது இத்தாலியின் அரெட்டியம் நகரத்துச் செம்பளபளப்புப் பாத்திரங்களின் துண்டுகள் அங்கே கிடைத்தன. அந்த இடத்தின் காலத்தைக் கணிக்க அவருக்குக் கைகொடுத்தவை அவைதான். அரெட்டியப் பாத்திரங்களின் மேல்தோலும் ஏதென்ஸ் கறுப்பைப் போலவே நுண்மண் குழம்பால் ஆனது. புகைக்கும் கட்டம் இல்லாமல் கடைசிவரை காற்றோட்டத்தில் சுட்டதால் சிவப்பாக நின்றது. உள்ளூர்க் கறுப்பும் கடல்கடந்த சிவப்பும் ஒரே மண்மேட்டில், ஒரே தனிமத்தின் இரண்டு நிலைகளாகக் கிடந்திருக்கின்றன.

இனி எதிர்வாதம். பழங்காலத்துக்கு இதெல்லாம் பொருந்தும், இன்றைய ஸ்டூடியோவில் சிவப்பு என்று எழுதிய குப்பி சிவப்பாகவே இருக்கிறது, சுட்டாலும் சிவப்பாகவே வருகிறது, பிறகென்ன வேதியியல் என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. பதில் அந்தச் சிவப்பிலேயே இருக்கிறது, ஏனென்றால் பாண்டக் கலையில் சிவப்பைப் போல அடம்பிடித்த நிறம் வேறில்லை. இரும்புச் சிவப்பான ஹேமடைட்டைக் கிளேஸுக்கு அடியில் தீட்டினால், உருகும் கண்ணாடி அதைக் கரைத்துப் பழுப்பாக்கிவிடும். துருக்கியின் இஸ்னிக் குயவர்கள் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். இரும்பு மிகுந்த செம்மண்ணைக் கிளேஸால் முழுதும் கரைக்க முடியாத அளவுக்குத் தடிமனாகப் பூசினார்கள். இஸ்தான்புல் சுலைமானியா மசூதியின் ஓடுகளில் அந்தச் சிவப்பை விரலால் தடவினால் மேடாகத் தட்டுப்படும். ஜப்பானின் அரிட்டாவில் சகாயிடா காகியெமோன் வழியினர் 17ஆம் நூற்றாண்டில், முதலில் கிளேஸிட்டு உயர்சூட்டில் சுட்டுவிட்டு, அதன் மேல் இரும்புச் சிவப்பைத் தீட்டி மிகக் குறைந்த சூட்டில் மறுபடி சுட்டார்கள். செம்புச் சிவப்புக்குப் புகைச்சூளை வேண்டும். ஸ்டூடியோவின் மின்சூளையில் எரிபொருளே கிடையாது, உள்ளே எப்போதும் சாதாரணக் காற்றுதான். காட்மியம் செலினியச் சேர்மங்கள் பளிச்சென்று சிவந்தவை, ஆனால் சூட்டிலும் கிளேஸிலும் சிதைந்துபோகும். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதற்கு வந்த தீர்வு வியப்பானது: காட்மியச் சிவப்புத் துகளைச் சுற்றி சிர்க்கான் படிகத்தை வளர்த்து, அதற்குள்ளேயே அடைத்துவிடுவது. சிர்க்கான் ஆற்றுமணலிலும் கடல்மணலிலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அழியாமல் கிடக்கும் கனிமம். உருகிய கிளேஸ் அதை எளிதில் தொட முடியாது. ஸ்டூடியோச் சிவப்புகளில் பல, கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிர்க்கான் சிறைகளுக்குள் இருந்துகொண்டுதான் நமக்கு நிறம் காட்டுகின்றன.

சிர்க்கானுக்குள் நிறத்தைப் பூட்டும் வழி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1940களின் இறுதியில் அமெரிக்காவில் கிளாரன்ஸ் சீபிரைட் சிர்க்கான் படிகத்துக்குள் வனேடியத்தைப் புகுத்தி நிலையான ஒரு நீலத்தை உண்டாக்கினார். அதே படிகத்தில் பிரசியோடிமியத்தை வைத்து மஞ்சளும், இரும்பை வைத்துப் பவள நிறமும் பின்னால் வந்தன. இந்த நிறங்கள் எல்லாமே தொழிற்சாலைச் சூளையில் பொடிகளைச் சேர்த்துச் சுட்டு, படிகமாக விளையவைத்து, கழுவி, அரைத்து எடுத்தவை. ஆக, குப்பியில் இருப்பது சுடப்படாத வண்ணம் என்பதே தவறான எண்ணம். சூளையின் தீர்ப்பை வாங்கிய பிறகுதான் அது குப்பிக்குள்ளேயே வந்தது. எதிர்வாதம் எந்த உண்மையைச் சுட்டிக்காட்டுகிறதோ அந்த உண்மையே என் வாதத்துக்குச் சான்றாகிறது.

இத்தனைக்குப் பிறகும் ஸ்டூடியோச் சூளைக்குச் செய்வதற்கு நிறைய மிச்சமிருக்கிறது. முதலாவது ஒளியியல். காய்ந்த வண்ணம் சுண்ணாம்புபோல் வெளிறித் தெரிவது ஏன்? துகள்களுக்கு இடையே இருப்பது காற்று. காற்றின் ஒளிவிலகல் எண் 1, துகள்களுடையது அதைவிட மிக அதிகம்; எல்லைதோறும் ஒளி சிதறி வெண்மை கலந்து திரும்புகிறது. கிளேஸ் உருகி அந்த இடைவெளிகளை நிரப்பும்போது, சுமார் 1.5 ஒளிவிலகல் எண் கொண்ட கண்ணாடி காற்றின் இடத்தைப் பிடிக்கிறது. எல்லைகளில் வேறுபாடு குறைய, சிதறலும் குறைய, ஒளி ஆழமாகப் போய் வெள்ளை உடலில் பட்டு, வண்ணத்தை இருமுறை கடந்து வெளியே வருகிறது. வேதிமாற்றமே இல்லாவிட்டாலும் நிறம் இதனாலேயே ஆழ்ந்துவிடும். இரண்டு மூன்று பூச்சு பூசச் சொல்வதும் இதை வைத்துத்தான்: ஒளி கடக்க வேண்டிய தொலைவு எங்கே கூடுகிறதோ அங்கே நிறம் அடர்கிறது, தூரிகையின் தடம் எங்கே மெலிந்ததோ அங்கே வெள்ளை எட்டிப் பார்க்கிறது. ஈரத்தில் கண்ணுக்குத் தப்பிய மெல்லிய இடத்தைச் சூளை மறைக்காமல் காட்டிவிடும்.

இரண்டாவது, எல்லா நிறங்களும் சிர்க்கானுக்குள் பூட்டப்பட்டவை அல்ல. குரோமியப் பச்சை நல்ல நிலையான நிறம். ஆனால் துத்தநாகம் கலந்த கிளேஸுக்கு அடியில் அது பழுப்பாகிவிடும். குரோமியத்தின் இன்னொரு குணம் இன்னும் விசித்திரமானது. உயர்சூட்டுச் சூளைகளில் அது சிறிதளவு ஆவியாகிப் பரவும். பச்சைப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வெள்ளீயம் கலந்த வெண்கிளேஸிட்ட பாத்திரம் இருந்தால், அதன் பச்சையை நோக்கிய பக்கம் மட்டும் இளஞ்சிவப்பாகச் சிவந்திருக்கும். எந்தத் தூரிகையும் அந்த இடத்தைத் தொட்டதில்லை. குரோமியமும் வெள்ளீயமும் சுண்ணாம்பும் சேர்ந்தால் இளஞ்சிவப்பு விளையும் என்பதை இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவர்கள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பயன்படுத்திவிட்டார்கள். மூன்றாவது, வெப்பம் என்பது ஒரு டிகிரி எண்ணோடு முடிவதில்லை. எவ்வளவு சூடு என்பதோடு எவ்வளவு நேரம் என்பதும் சேர்ந்துதான் கண்ணாடியை உருக்குகிறது. அதனால்தான் ஹெர்மன் சேகர் 1886இல் பெர்லினில், கிளேஸை ஒத்த கலவையாலேயே சிறு கூம்புகளைச் செய்து சூளைக்குள் நிறுத்தினார். உரிய அளவு வெப்பவேலை நடந்ததும் கூம்பு வளைந்து தலைசாயும். எட்வர்ட் ஆர்ட்டன் 1896இல் ஒஹாயோவில் இவற்றைத் தரப்படுத்தித் தயாரிக்கத் தொடங்கினார். பிஸ்க்கை 04 எண் கூம்புக்கும் கிளேஸை 06 எண் கூம்புக்கும் சுடுவது ஸ்டூடியோக்களின் வழக்கம். 06 என்பது 04ஐ விடக் குறைந்த சூடு. முன்னால் சுழியம் இருக்கும் கூம்புகளில் எண் ஏற ஏற சூடு இறங்கும். கணினி கட்டுப்படுத்தும் மின்சூளைகளிலும் சூளைக்காரர்கள் இன்றும் ஒரு கூம்பை உள்ளே வைத்து, ஆறியபிறகு அது எவ்வளவு வளைந்தது என்று பார்க்கிறார்கள். நிறத்துக்கும் கிளேஸுக்கும் நேர்ந்தது என்ன என்பதை வெப்பமானியை விட அந்த வளைந்த கூம்பு நேர்மையாகச் சொல்லும் என்பதே காரணம்.

சூளைதான் எல்லாம் செய்கிறதென்றால் தீட்டுபவரின் பங்கு எங்கே என்ற மறுப்பும் உண்டு. இதற்கு வரலாற்றில் ஒரு நல்ல விடை இருக்கிறது. 1911இல் டோக்கியோவில் நடந்த ஒரு விருந்தில், விருந்தினர்கள் முன் ஒருமுறை சுட்ட பாத்திரங்களையும் தூரிகைகளையும் வைத்தார்கள். அவரவர் வரைந்ததும் கிளேஸில் முக்கி, அங்கேயே இருந்த சிறு ராக்கு சூளையில் வைத்து, கொஞ்ச நேரத்தில் செந்தணலாக இடுக்கியால் வெளியே எடுத்துக் காட்டினார்கள். விருந்தினர்களில் ஒருவர் ஓவியம் படித்து, செப்புத்தகட்டில் செதுக்கல் வேலை செய்துகொண்டிருந்த பெர்னார்ட் லீச். தாள் மீது வரைந்தபோது கிடைக்காத ஏதோ ஒன்று அந்தச் சூளையில் அவருக்குக் கிடைத்தது. கென்சான் மரபின் ஆறாம் தலைமுறைக் குயவரிடம் போய் வேலை கற்றுக்கொண்டு, 1920இல் ஹமாடா ஷோஜியோடு சேர்ந்து இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் பட்டறை தொடங்கினார். 20ஆம் நூற்றாண்டு ஸ்டூடியோப் பாண்டக் கலையின் போக்கையே மாற்றியது அந்தப் பட்டறை. லீச் அன்று வனையவில்லை, கிளேஸைக் கலக்கவில்லை, சூளையை மூட்டவில்லை. இன்று ஸ்டூடியோவுக்கு வருகிறவர் செய்வதை மட்டும்தான் செய்தார். தான் வைத்த கோடு சூட்டில் என்னவாயிற்று என்று ஒருமுறை பார்த்தவருக்கு, அடுத்த கோட்டை வைக்கும் முன் சூட்டைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. தீட்டுபவரின் திறமை என்பது அந்த முன்யோசனைதான். எவ்வளவு தடிமன், எந்தப் பொடி, எதன் பக்கத்தில் எது.

கடைசியாக வரும் மறுப்பு சற்றுக் கசப்பானது: அச்சில் வார்த்த கோப்பை, தொழிற்சாலை வண்ணம், வேறொருவர் கிளேஸிட்டுச் சுட்டது, இதில் வண்ணம் தீட்டியவரின் பாத்திரம் என்று சொல்ல என்ன இருக்கிறது? இதே ஏளனத்தை 19ஆம் நூற்றாண்டிலும் கேட்டிருக்கிறார்கள். லண்டனில் மின்டன் நிறுவனம் 1871இல் கென்சிங்டனில் ஓவியப் பாண்டக் கூடம் ஒன்றைத் திறந்து, கலைப்பள்ளிப் பெண்களையும் தீட்டவைத்தது. 1875இல் தீவிபத்தில் அது முடிந்துபோனது. அமெரிக்காவின் சின்சினாட்டியில் மேரி லூயிஸ் மெக்லாஃப்லின் 1877இல் பயிற்சியில்லாதவர்களுக்கான பீங்கான் ஓவியக் கையேட்டை எழுதினார். அந்த ஊர்ப் பெண்களிடம் பொழுதுபோக்காக மூண்ட ஆர்வத்திலிருந்துதான் 1880இல் மரியா லாங்வொர்த் நிக்கல்ஸ் ரூக்வுட் பட்டறையைத் தொடங்கினார். ஆனால் இந்த மறுப்புக்குச் சரியான பதில் இன்னும் பழையது. பிரான்சுவா சேவியே தாந்த்ரெகோல் என்ற பிரெஞ்சு யேசுசபைப் பாதிரியார் ஜிங்டெஜென் பட்டறைகளை நேரில் பார்த்து 1712லும் 1722லும் விரிவான கடிதங்கள் எழுதினார். ஒரு பாத்திரம் எழுபது பேரின் கைகளைக் கடந்து வருகிறது என்கிறார் அவர். விளிம்பின் அடியில் வண்ண வளையம் போடுபவர் ஒருவர், அவர் அதை மட்டும்தான் போடுவார். பூக்களின் கோட்டுருவை வரைபவர் ஒருவர், அதற்குள் வண்ணம் நிரப்புபவர் இன்னொருவர். மலையும் நீரும் ஒருவருக்கு, பறவையும் விலங்கும் வேறொருவருக்கு. உலகம் போற்றும் நீலவெண் பீங்கானில் ஒருவர் தொடங்கி அவரே முடித்த பாத்திரம் என்ற ஒன்று ஏறக்குறைய கிடையாது. இன்றைய ஸ்டூடியோவில் கோப்பையின் முன் அமர்பவர் வளையம் போடுபவர், கோடு வரைபவர், நிரப்புபவர் என்று நான்கைந்து பேரின் வேலையைத் தனியாளாகச் செய்கிறார். கிளேஸில் முக்குவதையும், அடுக்குவதையும், சுடுவதையும் மட்டும் சூளைக்காரரிடம் விடுகிறார்.